ஆயுத அறையில் ஒரு சிலை

ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

உன் நம்பரை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். கூப்பிட்டுப் பார்த்து நீயே தெரிந்துகொண்டிருப்பாய். அதனால்தான் கடிதம். போனில் என்றால் நீதான் பேசுவாய், நான் 'ம்' கொட்டிக்கொண்டிருக்க வேண்டும். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

ஏன் தடுத்தேன் என்று தெரியும்தானே? உன் அத்தான் வேலைக்கு ஆபத்து, சிலையைக் காணோம் என்கிறார்கள் என்று பதறிப்போய் உன்னைக் கூப்பிட்டேன். பாதி சொல்வதற்குள், "கட்டிலுக்கு அடியில பாத்தியாக்கா, அங்கதான் வெச்சிருப்பாரு" என்று சொல்லிச் சிரித்தாய். உன் பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தது கேட்டது. அப்போதே போனை வைத்துவிட்டு உன் நம்பரைத் தடுத்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்க்கிறேன், அந்த மனிதர் காவல் இருக்கும் அரண்மனையில் ஒரு குண்டூசி காணாமல் போனதில்லை.

இப்போது முழுதாகச் சொல்கிறேன். சிரிக்காமல் படி.

டிசம்பரில் உங்கள் கம்பெனியிலிருந்து நீங்கள் வந்து அரண்மனையை அறை அறையாக ஸ்கேன் எடுத்துக்கொண்டு போனீர்கள். (ஒரு வாரம் இந்த ஊரில் இருந்தாய். என் வீட்டில் தங்கவில்லை. ஒரே ஒரு வேளை சாப்பிட்டாய், அதுவும் நின்றுகொண்டு. அதற்குத் தனியாக ஒரு கடிதம் வரும்.) ஏப்ரலில் அந்த ஆப் வந்தது. வீட்டில் உட்கார்ந்தே வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரண்மனையைச் சுற்றிவிட்டால் யார் டிக்கெட் வாங்கி நேரில் வரப் போகிறார்கள் என்று இங்கே எல்லோருக்கும் பயம். நடந்தது தலைகீழ். கண்ணாடியில் பார்த்தவர்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பி வருகிறார்கள். "முன்னெல்லாம் ஜனங்க பாக்க வருவாங்க, இப்ப சரிபாக்க வராங்க" என்கிறார் உன் அத்தான்.

வருகிறவர்கள் ஆயுத அறைக்குள் நுழைந்தவுடன் வடக்கு மூலையைப் பார்க்கிறார்களாம். கையில் இருக்கும் போனைப் பார்க்கிறார்களாம். மறுபடி மூலையைப் பார்த்துவிட்டு, "தூங்கற காவலன் சிலை எங்கங்க?" என்று உன் அத்தானைக் கேட்கிறார்களாம். ஆப்பில் அந்த மூலையில் ஒரு கல் சிலை இருக்கிறது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கும் ஒரு காவலன். நேரில் அங்கே ஒன்றும் இல்லை, வெறும் மூலை. "அப்படி ஒண்ணு இங்க இல்லீங்க" என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்துவிட்டது. யாரோ மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டுவிட்டார்.

புதிதாக வந்திருக்கும் கண்காணிப்பாளர் அம்மா விசாரணையை ஆரம்பித்துவிட்டார். டிசம்பரில் இருந்த சிலை ஏப்ரலுக்குள் எங்கே போனது? அந்த அறைக்குக் காவல் யார்? சாவி யாரிடம்? பதிவேட்டில் அப்படி ஒரு சிலையே இல்லை என்று இவர் சொல்லிப் பார்த்தார். பதிவேட்டில் விட்டுப்போன பொருள்கள் ஏற்கனவே நிறைய உண்டாம், அதனால் அது செல்லுபடியாகவில்லை. மற்றக் காவலர்கள் 'அது எங்க அறை இல்ல' என்று நழுவிவிட்டார்கள்.

இப்போது அவரை வண்டி நிறுத்தும் இடத்தில் போட்டிருக்கிறார்கள். வெயிலில் நின்று சீட்டு கிழிக்கிறார். அடுத்த வருஷம் ஓய்வு பெற வேண்டியவர். திருடன் என்ற பட்டத்தோடு அனுப்பினால் அந்த மனிதர் தாங்கமாட்டார், தம்பி.

சிலையின் படத்தை அவரிடமும் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். உற்றுப் பார்த்துவிட்டு, "இவ்ளோ அலங்கோலமா தூங்கற சிலைய எந்த ராஜா வெப்பான்?" என்று கேட்டிருக்கிறார்.

ஸ்கேன் எடுத்தவன் நீ. அங்கே சிலை இருந்ததா, இல்லையா? அதை மட்டும் எழுது.

அக்கா


ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் மன்னிப்பு. அன்றைக்கு நான் சிரித்தது தப்புதான். அத்தானைப் போய் ஒருவர் திருடன் என்பாரா என்று நினைத்துத்தான் சிரிப்பு வந்தது. அவர் பஸ்ஸில் கண்டக்டர் கேட்க மறந்த டிக்கெட்டுக்கு இறங்கின பிறகும் ஓடிப்போய்க் காசு கொடுத்துவிட்டு வந்தவர். ஆனால் உனக்கு அது கேலியாகத்தானே கேட்கும்.

உன் வீட்டில் தங்காததற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன், தனிக் கடிதம் வேண்டாம். நான் வந்தால் அத்தான் தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுப்பார். வேண்டாம் என்றால் கேட்கமாட்டார். ஏற்கனவே அவருக்கு முதுகு வலி, தூக்கமும் சரியில்லை என்று நீயே சொல்லியிருந்தாய். அதனால்தான் லாட்ஜ்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதம் வந்த அன்று ஆபீசில் எல்லோரும் போனபிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆயுத அறைக்குள் போனேன். அந்தச் சிலையை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. ஸ்கேன் எடுப்பதோடு என் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு சுத்தம் செய்வது, நிறம் பூசுவது, விளக்கம் எழுதுவது எல்லாம் மென்பொருள்தான்.

பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். தலையில் கிரீடம் மாதிரி ஒன்று முகத்தை மறைத்துக்கொண்டு சரிந்திருந்தது. கை இரண்டும் வயிற்றின் மேல் கோத்திருந்தன. கீழே பார்த்தேன். இடது காலில் குதிகால் மட்டும் காலணிக்கு வெளியே இருந்தது.

அக்கா, அது சிலை இல்லை. அது அத்தான்.

கால் ஆணிக்காக அவர் இடது ஷூவைப் பாதி கழற்றிவிட்டுத்தானே எப்போதும் உட்காருவார்? கிரீடம் என்பது அவருடைய காவலர் தொப்பி.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். எங்கள் கருவி முக்காலி மேல் நின்று சுற்றிச் சுற்றி அறையை அளக்கும். ஓர் அறையில் மூன்று இடத்தில் வைத்து எடுப்போம். நடமாடுகிற ஆள் மூன்றிலும் ஒரே இடத்தில் இருக்கமாட்டார், அதனால் மென்பொருள் அவரைத் தானாகவே அழித்துவிடும். மூன்றிலும் ஒரே இடத்தில் இருப்பது சுவர், தூண், பீரங்கி. அப்புறம் அத்தான். அந்த மூலையில் வெளிச்சம் போதாது. அவருடைய நிறம் அதற்குக் கிடைக்கவில்லை, பக்கத்துச் சுவரின் நிறத்தை எடுத்து அவர்மேல் பூசிவிட்டது. சட்டைப் பை, பொத்தான் எல்லாம் மழுங்கிப்போய்க் கல்லாகிவிட்டார்.

அதோடு விட்டதா? விளக்கம் சொல்லும் குரல் இருக்கிறதே, அதற்கு எழுதிக் கொடுப்பதும் மென்பொருள்தான். 'ஒரு காலணியைக் கழற்றியிருப்பது பணிவின் அடையாளம்' என்கிறது. நான் ஆபீசில் தனியாக நின்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. நான் உண்மையைச் சொன்னால் திருட்டுப் பட்டம் போகும், வேலை நேரத்தில் தூங்கினார் என்ற பட்டம் வரும். எது பெரியது என்று எனக்குத் தெரியவில்லை. நீ சொல்லும்வரை யாரிடமும் வாயைத் திறக்கமாட்டேன்.

உன் வாலு


ஆகஸ்ட் 15

தம்பி,

உன் கடிதம் வந்தபோது என் தையல் கடையில் ஒரு பள்ளிச் சீருடைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். பிரித்துப் படித்தேன். 'அது அத்தான்' என்ற இடத்தில் நான் சிரித்த சிரிப்பில், அளவு கொடுக்க நின்றிருந்த பெண், "நான் அப்பறம் வரேங்க" என்று போய்விட்டாள். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. என்ன செய்வது, இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் வருகின்றன.

இரண்டு நாள் அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? 'நீங்க தேடற சிலை நீங்கதான்' என்றா? கடைசியில் உன் மருமகள்தான் போட்டு உடைத்தாள். அந்தப் படத்தைப் போனில் பெரிதாக்கி, "அப்பா, இந்தக் கால் யாரோட காலுன்னு பாருங்க" என்று நீட்டினாள். பார்த்தார். தன் காலைப் பார்த்தார். ஷூவை மெதுவாக உள்ளே தள்ளிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "நான் தூங்கல."

"சரிங்க, தூங்கல. கண்ண மூடிட்டு இருந்தீங்களா?"

"தொப்பி மறைச்சிருக்குல்ல, கண்ணு மூடியிருந்துச்சுன்னு எப்படிச் சொல்ற?"

வக்கீல் தோற்றார் போ. நானும் விடவில்லை. திருடன் என்பதைவிடத் தூங்கினவர் என்பது எவ்வளவோ மேல், தூங்காதவர் யார் என்று கேட்டேன். அவர் முகம் சுண்டிவிட்டது. "காவக்காரன் தூங்கினான்னா அவன் இத்தன வருஷமும் தூங்கினான்னுதான் அர்த்தம். திருடன்னு சொல்லட்டும், அது பொய், என்னைக்காவது பொய்யின்னு தெரிஞ்சிடும். தூங்கினேன்னு யாரும் சொல்லக் கூடாது" என்றார். 

இன்னொன்றும் சொன்னார். நான் நம்பவில்லை, உன்னிடம் கேட்கிறேன். "அசையக் கூடாதுன்னு உன் தம்பிதான் சொன்னான். அசையாம இருந்தேன்" என்கிறார். உண்மையா, இல்லை தப்பிக்கப் பார்க்கிறாரா?

விசாரணை 28ஆம் தேதி. அதுவரை யாரிடமும் சொல்லாதே. தெருவில் நான் நடந்தால் பேச்சு நிற்கிறது. கடைக்கு வருகிற பெண்கள் துணியைக் கொடுத்துவிட்டு உள் அறையை எட்டிப் பார்க்கிறார்கள், அங்கே சிலை நிற்கிறதா என்று பார்ப்பார்கள் போலிருக்கிறது.

கட்டில் விஷயம் படித்தேன். அதை அன்றைக்கே சொல்வதற்கு என்ன கேடு?

அக்கா


ஆகஸ்ட் 19

அக்கா,

உண்மை. நான்தான் சொன்னேன்.

நீ எழுதியதைப் படித்ததும் அந்தக் காலை நேரம் அப்படியே வந்துவிட்டது. அறையில் இருக்கும் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் கருவியைத் தொடங்குவோம். அத்தான் போகமாட்டேன் என்றார். வெளியாள் உள்ளே இருக்கும்போது காவலர் அறையைவிட்டுப் போகக் கூடாதாம். "அத்தான், நான் வெளியாளா?" என்று கேட்டேன். "வீட்டுல இல்ல, இங்க வெளியாள்தான்" என்றார். எனக்குச் சுருக்கென்றிருந்தது. "அப்ப அந்த மூலையில உக்காருங்க, நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது" என்று அதிகாரமாகச் சொன்னேன். மூன்றாவது இடத்தையும் எடுத்து முடித்துக் கருவியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன். போதும் என்று சொன்னேனா? சொல்லவில்லை. அந்த மனிதர் அதற்குப் பிறகும் எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாரோ.

இதை விசாரணையில் வந்து சொல்ல வேண்டியவன் நான். மேலாளரிடம் லீவு கேட்டேன். எதற்கு என்றார். உள்ளதைச் சொன்னேன். முதலில் அவருக்குச் சிரிப்பு, பிறகு முகம் மாறிவிட்டது. "நீங்க எதுக்குப் போறீங்க? அடுத்த அப்டேட்ல அந்த உருவத்தையே தூக்கிடறோம். பத்து நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க" என்கிறார். இன்னும் பல ஊர்களில் பழைய கட்டடங்களை ஸ்கேன் எடுக்க எங்கள் கம்பெனி பேசிக்கொண்டிருக்கிறது. ஓர் ஆளைச் சிலை என்று ஊரெல்லாம் காட்டினார்கள் என்று தெரிந்தால் யார் எங்களைக் கூப்பிடுவார்கள் என்று பயம்.

எனக்கு என்ன பயம் என்றால், உருவத்தை எடுத்துவிட்டால் சிலை இரண்டு இடத்திலும் இல்லாமல் போய்விடும். கோப்பில் மட்டும் திருட்டு இருக்கும். அத்தானைக் காப்பாற்ற இருக்கும் ஒரே சாட்சி அந்தக் கல் அத்தான்தான்.

நான் வருகிறேன். மேலாளர் லீவு கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி.

வாலு


ஆகஸ்ட் 23

தம்பிக்கு,

அவசரப்படாதே. உனக்கு வேலை போனால் நான் சந்தோஷமாகவா இருப்பேன்? ஒரு வீட்டில் இரண்டு ஆம்பளைகள் வேலை போய் உட்கார்ந்திருந்தால் எனக்குத்தான் தலைவலி. யோசித்துச் செய்.

இதை எழுதிவிட்டு ஒரு முறை படித்துப் பார்த்தேன். பொய்யாக இருக்கிறது. வா. நீ வந்தால்தான் ஆகும். அவரிடம் நீ எழுதியதை வாசித்துக் காட்டினேன். 'போதும் என்று சொன்னேனா? சொல்லவில்லை' என்ற இடத்தில் மெல்லத் தலையாட்டினார். "அவன் சொல்லல. சாப்பாட்டு மணி அடிச்சப்பறம்தான் எழுந்தேன்" என்றார். அப்புறம், "வரச் சொல்லு. ஆனா தூங்கினேன்னு அவன் சொல்லக் கூடாது. அசையலன்னு மட்டும் சொல்லட்டும்" என்றார்.

இன்னொரு கூத்து கேள். தூங்காமலே அசையாமல் உட்கார முடியும் என்று எங்களுக்கு நிரூபிக்கப் போகிறாராம். ஞாயிற்றுக்கிழமை கடையில், வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியைச் சுவரோரம் போட்டு, தொப்பி வைத்து, கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தார். "பாத்துக்கோங்க" என்றார். நான் ஒரு சட்டைக் கைக்குப் பட்டி மடித்துத் தைத்து முடிப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது. உன் மருமகள் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். அவருக்குக் காட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக் கட்டிலில்தான் அவருக்குத் தூக்கம் வருவதில்லை. இந்த விஷயம் ஆரம்பித்ததிலிருந்து புரண்டுகொண்டே இருக்கிறார். நான் விழித்திருப்பது அவருக்குத் தெரியக் கூடாது என்று நானும் அசையாமல் கிடக்கிறேன். நம் வீட்டில் யாரை ஸ்கேன் எடுத்தாலும் சிலையாகத்தான் வரும்.

கட்டில் உனக்குத்தான். இந்த முறை அவர் தரையில் படுக்கட்டும், நீ ஒன்றும் சொல்லாதே. உன்னைத் தரையில் படுக்கவிட்டால் அதற்கும் சேர்த்துப் புரளுவார்.

அக்கா

பி.கு. அந்தக் கண்ணாடியைக் கொண்டு வா. நான் இன்னும் பார்க்கவில்லை.


செப்டம்பர் 3

அன்புள்ள அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த சாப்பாட்டை ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரோடு பங்கு போட்டேன். உட்கார்ந்துதான் சாப்பிட்டேன், எழுதி வைத்துக்கொள்.

விசாரணை நாளில் நீ அரண்மனை வாசலுக்கு வெளியே பெஞ்சில் இருந்தாய். உள்ளே என்ன நடந்தது என்று அத்தான் இரண்டு வார்த்தைக்கு மேல் சொல்லியிருக்கமாட்டார். நானும் அங்கே அவர் முன்னால் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

கண்காணிப்பாளர் அம்மா கண்டிப்பான ஆள். நான் வாயால் சொன்னதை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோரையும் ஆயுத அறைக்கே கூட்டிக்கொண்டு போனார். அத்தானை மூலையில் உட்காரச் சொன்னார். அத்தான் விறைப்பாக உட்கார்ந்தார், பள்ளிக்கூடத்தில் போட்டோவுக்கு உட்காருவது போல. "அன்னைக்கு உக்காந்த மாதிரி" என்றார் அம்மா. அத்தான் கொஞ்ச நேரம் தயங்கினார். பிறகு சாய்ந்தார், கையைக் கோத்தார், தொப்பியை இறக்கினார். எல்லோரும் காத்திருந்தோம். கடைசியாக இடது குதிகாலை வெளியே எடுத்தார்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கழற்றிவிட்டுப் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். இப்படி எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை.  'தூங்கினீர்களா' என்று அவர் கேட்டால் அத்தான் பொய் சொல்லமாட்டார், உண்மையும் சொல்லமாட்டார், அங்கேயே உடைந்துபோவார் என்று தோன்றியது.

அவர் கேட்டது வேறு. "உங்களை அசையக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

நான் கையைத் தூக்கினேன்.

"எழுந்திருக்கலாம்னு சொன்னது யாரு?"

யாரும் கையைத் தூக்கவில்லை. அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் உறுத்துகிறது. பிறகு அத்தானிடம் திரும்பி, "இப்ப நான் சொல்றேன். எழுந்திருங்க" என்றார். அவ்வளவுதான். விசாரணை முடிந்தது. தூக்கம் என்ற வார்த்தையே அந்த அறையில் வரவில்லை. வராமல் அவர் பார்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். அந்தச் சிலையைப் பற்றி அவரும் மேலிடத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பியிருந்தாராம், அதில் காலணி காட்டும் பணிவுக்கு மட்டும் ஒரு பத்தியாம். வெளியே வரும்போது எழுத்தர் என் காதில் சொன்னார்.

மேலாளர் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் பேசினார். உருவத்தை அழிக்கும் வேலையை என்னிடமே கொடுத்திருக்கிறார். நீ உண்டாக்கியது, நீயே எடு என்கிறார். நியாயம்தான். பாதி நாள் வேலை. ஆனால் உட்கார்ந்தால் கை வரவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். கிளம்புகிற அன்று காலையில் நீ கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆயுத அறைக்குள் நின்றாய். வெகு நேரம் நின்றாய். பிறகு கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குப் போய்விட்டாய். ஏன்? அவரைக் கேலிப் பொருளாக்கிவிட்டேன் என்று இன்னும் கோபமா?

வாலு


செப்டம்பர் 9

தம்பிக்கு,

கோபம் இல்லை. சொல்ல வரவில்லை, அதனால் சொல்லவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

நான் அந்த அரண்மனைக்குள் போனதே இல்லை, தெரியுமா? இதே ஊரில்தான் குடித்தனம். சுவரை ஒட்டித்தான் தினமும் கடைக்கு நடக்கிறேன். உள்ளே போனால் அவர் வேலையை வேவு பார்க்க வந்ததாக நினைப்பார் என்று போகவில்லை. அவரும் வா என்று கூப்பிடவில்லை. எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வந்து பார்க்கிற இடத்தை நான் முதலில் பார்த்தது என் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, உன் கண்ணாடியில்.

கதவுகளைப் பார்த்தேன். கத்திகளைப் பார்த்தேன். எவ்வளவு பெரிய அறை! அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அப்புறம் மூலைக்குப் போனேன்.

அவர் தூங்கிக்கொண்டிருந்தார். தூங்கினார்தான் தம்பி, எனக்குத் தெரியாதா? தோள் இரண்டும் தளர்ந்து கிடந்தன. அந்தத் தோளை நான் அளவெடுத்துத்தான் சட்டை தைக்கிறேன். எப்போதும் விறைப்பாக நிற்கும், அதற்கென்று ஒரு விரல் அகலம் கூடுதலாக வைத்து வெட்டுவேன். அது இறங்கி நான் பார்த்ததே இல்லை. படுக்கையில்கூட இல்லை. வாசலில் சத்தம் கேட்டால், குழாய் சொட்டினால், பக்கத்து வீட்டில் யாராவது இருமினால் எழுந்துவிடுகிற மனிதர். அன்றைக்கு நீ அசையாதே என்று சொன்னாய். இனி எழுந்து எதையும் பார்க்க வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. தூங்கிவிட்டார். கல்லாக இருந்தாலும் எனக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் போலிருந்தது. எழுப்பிவிடுவேனோ என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். பைத்தியம்தானே?

அவரை அழிக்காதே.

இங்கே அவர் மறுபடி ஆயுத அறைக்குப் போய்விட்டார். ஆனால் உட்காரமாட்டேன் என்கிறார். நாள் முழுக்க நிற்கிறார். வருகிற ஜனங்களுக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. "ஐயா, அந்த மூலையில கொஞ்சம் உக்காருங்க, ஒரு போட்டோ" என்கிறார்கள். "டூட்டி நேரம்" என்று சொல்லி மீசையை நீவுகிறார். சந்தோஷம்தான், காட்டிக்கொள்ளமாட்டார். வீட்டுக்கு வந்து கால் வலிக்கிறது என்று வெந்நீர் கேட்கிறார்.

நேற்று அவரிடமே கேட்டேன், அந்த உருவத்தை எடுத்துவிடச் சொல்லவா, இருக்கட்டுமா என்று. காலை வெந்நீருக்குள் இறக்கினார். அப்புறம், "இருக்கட்டும். ஆனா கீழ சரியா எழுதச் சொல்லு. பணிவு கிணிவு எல்லாம் வேணாம்" என்றார்.

அக்கா


செப்டம்பர் 16

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மேலாளரிடம் காட்டவில்லை. அது எனக்கு எழுதியது. ஆனால் வேறொன்றைக் காட்டினேன். ஆப்பில் அரண்மனை முழுவதிலும் ஜனங்கள் அதிக நேரம் நிற்கிற இடம் எது என்று எங்களுக்குத் தெரியும். ராஜாவின் அறை இல்லை, வைரம் பதித்த வாள் இல்லை. அத்தான் பக்கத்தில்தான்.

எங்கள் கம்பெனிக்கு ஒருவர் எழுதியிருந்தார். அவர் படுக்கையைவிட்டு எழுந்து ரொம்ப நாளாகிறதாம். தினமும் மதியம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆயுத அறைக்குப் போய், உறங்கும் காவலனுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறாராம். 'அங்கே எனக்கும் தூக்கம் வருகிறது' என்று எழுதியிருக்கிறார். மேலாளர் அதைப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்து, "இருக்கட்டும். விளக்கத்தை மட்டும் நீங்களே எழுதுங்க, மென்பொருள்கிட்ட விடாதீங்க" என்றார்.

அத்தானுக்கு அவருடைய நிறத்தைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். காக்கிச் சட்டை, கறுப்புத் தொப்பி எல்லாம் போட்டுவிட முடியும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கல்லாகவே இருக்கட்டும், தெருவில் யாரும் அடையாளம் சொல்லித் தொந்தரவு செய்யமாட்டார்கள்.

விளக்கம் எழுதினேன். குரல் வழிகாட்டி இனி இப்படிச் சொல்லும்:

'இது சிலை அல்ல. இந்த அறையின் காவலர். அறையைவிட்டுப் போகக் கூடாது என்பது அவருடைய விதி. அசையக் கூடாது என்பது படம் எடுத்த எங்களுடைய விதி. இரண்டையும் அவர் காப்பாற்றினார்.'

அத்தானிடம் வாசித்துக் காட்டு. அவர் சரி என்றால்தான் போடுவேன்.

வாலு

பி.கு. இப்போதெல்லாம் ஓர் அறையை எடுத்து முடித்ததும் "போதும், எழுந்திருக்கலாம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் கருவியைத் தூக்குகிறேன். அறையில் யாரும் இல்லாவிட்டாலும் சொல்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.


செப்டம்பர் 21

தம்பிக்கு,

வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை என்றார். வாசித்தேன். யோசித்தார். "தூங்கலன்னு போடலையே" என்றார்.

"தூங்கினாருன்னும் போடலையேப்பா" என்றாள் உன் மருமகள்.

"அதுவும் சரிதான்" என்றார். ஆகவே போட்டுவிடு.

போன வாரம் கண்காணிப்பாளர் அம்மா ஆயுத அறையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார், நல்ல சாய்வு நாற்காலி. வடக்கு மூலையில் இல்லை, கதவுப் பக்கம். "ஓய்வு வரைக்கும் நின்னுட்டே இருக்க முடியாது, இது என் உத்தரவு" என்றாராம். அதில் உட்காருகிறார். ஷூவைக் கழற்றுவதில்லையாம். நான் நம்பவில்லை. அடுத்த வாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு நானே போய்ப் பார்க்கப் போகிறேன். அவரே கூப்பிட்டார். "கூட்டம் இல்லாத நாளா வா, சரியா காட்டறேன்" என்றார்.

இன்று அவருக்கு விடுமுறை. சாப்பிட்டுவிட்டுக் கடைக்கு வந்தார், எனக்கு ஊசியில் நூல் கோத்துத் தருகிறேன் என்று. இரண்டு ஊசி கோத்தார். இப்போது கடையில் வாடிக்கையாளர் நாற்காலியில் சுவரோடு சாய்ந்திருக்கிறார். இடது குதிகால் வெளியே இருக்கிறது. தோள் இறங்கியிருக்கிறது. தையல் மிஷினை நிறுத்திவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். துணி வாங்க வந்த பெண்ணுக்கு வாசலிலேயே கையைக் காட்டி நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவளும் எட்டிப் பார்த்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

உன் நம்பருக்குப் போட்டிருந்த தடையை எடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. மதியத்தில் மட்டும் வேண்டாம்.

அக்கா